வீட்டுப் பட்டறையில் சிலந்தி: மருந்தடித்து நட்டப்பட்ட பிறகு தெரிந்தவை

சிலந்தியை விரட்டுகிறேன் என்று நான்கு மாதத்தில் கையை விட்டுப் போன காசு 55,100 ரூபா. கடைசியில் பிரச்சினையைத் தீர்த்த சாமான்களின் விலை 8,800 ரூபா. இந்த இரண்டு தொகைக்கும் நடுவில் என்ன பிழை நடந்தது என்று யாராவது முன்பே எழுதி வைத்திருந்தால் ஒரு மாரிகாலம் முழுவதும் வீணாகியிருக்காது. அதனால்தான் எதையும் மறைக்காமல் கணக்கோடு எழுதுகிறேன். இடம் இலங்கையின் கிழக்கே, மட்டக்களப்பை அடுத்த ஆரையம்பதிப் பக்கம். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள மணல் தரையில், வீட்டுக்குப் பின்னால் நிற்கும் 12 அடிக்கு 18 அடித் தச்சுக் கொட்டில். மூன்றடி உயரத்துக்குச் சீமெந்துக் கல் சுவர், அதற்கு மேலே பலகை, கூரைக்கு அஸ்பெஸ்டஸ் சீற், நடுவில் ஒரு நாலடி டியூப் லைட். ஏறாவூரிலிருந்து அக்கரைப்பற்று வரை வீட்டோடு தொழில் செய்கிற பலருடைய கொட்டிலும் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும் என்பதால், இங்கே நடந்தது அங்கேயும் நடக்கும்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தொந்தரவு பெரிதாகத் தெரியவில்லை. மூலைக்கு மூலை கொஞ்சம் ஒட்டறை, அவ்வளவுதான். ஐப்பசியில் முதல் மழை விழுந்து ஈசல் கிளம்பிய வாரத்தில் எல்லாம் மாறியது. காலையில் டியூப் லைட்டுக்குக் கீழே வேலை மேசை முழுக்க ஈசல் சிறகு. பத்தே நாளில் கைமரத்துக்குக் கைமரம் வலை. காலையில் கதவைத் திறந்து உள்ளே போனால் முகம், கண்ணிமை, உதடு எல்லாம் நூல். தினமும் 20 நிமிடம் ஒட்டறை அடித்தபிறகுதான் வேலை தொடங்க முடிந்தது. மாலையில் அடித்த இடத்தில் மறுநாள் காலை அதே வலை நிற்கும். அருவருப்பைவிடக் கோபமே அதிகம். ஒரு நாள் சுவரோரம் சாத்தியிருந்த பலகையை இழுத்தபோது அதன் பின்பக்கத்திலிருந்து உள்ளங்கை அகலமான ஒன்று மணிக்கட்டுக்கு மேலால் ஓடியது. கையில் இருந்த உளி சீமெந்துத் தரையில் விழுந்து வாய் உடைந்தது. அதற்குப் பிறகு பலகை எடுக்கவே கை தயங்கியது. பயந்த கையோடு வாள் மெசின் பக்கத்தில் நிற்பது எவ்வளவு ஆபத்து என்பது தொழில் செய்கிறவர்களுக்கு விளங்கும்.

முதல் பிழை, எல்லாவற்றையும் ஒரே சிலந்தி என்று நினைத்தது. கொட்டிலில் இருப்பவை பெரும்பாலும் மூன்று வகை, மூன்றுக்கும் வழி வேறு. கூரைக்குக் கீழே ஒழுங்கில்லாமல் பஞ்சு போல வலை கட்டித் தலைகீழாகத் தொங்குவது நூல் போன்ற நீண்ட கால்கள் கொண்டது. வலையைத் தொட்டால் உடம்பைக் கிடுகிடுவென்று ஆட்டும், ஆளே மங்கலாகத் தெரியும். பெண் சிலந்தி முட்டைகளை ஒரு சின்ன உருண்டையாக வாயில் கவ்விக்கொண்டு நிற்பதை டோர்ச் அடித்துப் பார்த்தால் காணலாம். ஒட்டறை என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி இதன் வேலை. இரண்டாவது, வலையே கட்டாத பெரிய தட்டைச் சிலந்தி. பலகைக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள விரற்கடை இடைவெளியில் பகல் முழுக்க ஒட்டிக் கிடக்கும், இரவில் கரப்பான் பிடிக்க வெளியே வரும். பெண் சிலந்தி பொத்தான் போன்ற வெள்ளைத் தட்டு ஒன்றை வயிற்றுக்குக் கீழே அணைத்துக்கொண்டு திரியும். அது முட்டைப் பை, உள்ளே நூற்றுக்கும் மேல் இருக்கலாம். மூன்றாவது, யன்னல் கட்டையில் துள்ளித் துள்ளி ஓடும் சின்னது. தலையைத் திருப்பி நம்மையே பார்க்கும். இதனால் ஒரு தொந்தரவும் இல்லை, இலையானும் நுளம்பும்தான் இதன் சாப்பாடு.

இந்த வித்தியாசம் தெரியாமல் வாங்கியது ஆறு டின் பூச்சி ஸ்பிரே. டின் 1,350 ரூபா, மொத்தம் 8,100. அடித்த நேரம் நாலைந்து விழும், மூன்றாம் நாள் பழைய நிலை. மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்பது பிறகுதான் விளங்கியது. கரப்பானும் எறும்பும் மருந்து படிந்த சுவரில் உடம்பு உரச நடக்கும், காலை வாயால் சுத்தம் செய்யும்போது மருந்து உள்ளே போகும். சிலந்தி கால் நுனியில் நடப்பது, உடம்பு சுவரில் படாது. வலையில் தொங்குவதோ சுவருக்கே வராது. ஆகவே நேராக மேலே பட்டால்தான் சாகும், காய்ந்த மருந்தால் பெரிய பலன் இல்லை. முட்டைப் பைக்குள்ளும் மருந்து சரியாக இறங்காது. அதைவிட முக்கியமான ஒன்று: இந்த டின்களிலிருந்து மருந்தை வெளியே தள்ளுவது பெரும்பாலும் எரியும் வாயு. கிரைண்டர் பொறி பறக்கும் இடத்தில், மரத்தூள் மிதக்கும் காற்றில், மூடிய கொட்டிலுக்குள் அதை அடிப்பது நெருப்போடு விளையாடுவது. ஒரு விபத்தும் நடக்கவில்லை என்பது வெறும் அதிர்ஷ்டம்.

அடுத்ததாக மருந்தடிக்கும் ஆட்களைக் கூப்பிட்டதில் முதல் தடவை 14,000, மூன்று வாரத்தில் மறுபடி வலை வந்ததும் இரண்டாவது தடவை 9,000. சுவரின் அடி, தரை ஓரம், கதவு நிலை எல்லாம் நன்றாக அடித்தார்கள். கரப்பான் குறைந்தது உண்மை. ஆனால் சிலந்தி இருந்தது கூரையில். யாரையாவது கூப்பிடுவதென்றால் காசு பேசுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். இங்கே இருப்பது எந்த வகை, அது எதைத் தின்று வாழ்கிறது, அந்த இரை எங்கிருந்து வருகிறது. இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாமல் நேரே பம்பைத் தூக்குகிறவர் செய்வது அரை வேலை.

மனம் உடைந்தது மார்கழியில். தேக்கில் செய்த கண்ணாடி அலுமாரி, தைப்பொங்கலுக்கு முன் கொடுக்க வேண்டியது. சாண்ட் பேப்பர் போட்டு முடித்து வார்னிஷுக்குத் தயாராக நின்றது. முந்தின இரவு கூரையில் ஸ்பிரே அடித்தபோது அதை மூடவில்லை. காலையில் வார்னிஷ் பூசினால், பூசிய இடமெல்லாம் வார்னிஷ் விலகி, கொத்தமல்லி விதை அளவு வட்ட வட்டமாகக் குழி. மேலேயிருந்து இறங்கிய ஸ்பிரேயின் எண்ணெய்ப் பசை மரத்தில் படிந்திருக்கிறது, அந்தப் பசை இருக்கும் இடத்தில் வார்னிஷ் ஒட்டாது. அது தெரியாமல் மேலே இரண்டாவது கோட் போட்டதில் குழி இன்னும் ஆழமானது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து மறுபடி செய்ய ஐந்து நாள், சாமானுக்கு 11,500 ரூபா, பிந்தியதற்காக விலையில் குறைத்தது 10,000. இதே நிலைக்கு யாராவது வந்தால் ஒழுங்கு இது. முதலில் சாண்ட் பேப்பர் போடாதீர்கள், போட்டால் பசை மரத்துக்குள் இன்னும் இறங்கும். வார்னிஷைச் சுரண்டி எடுத்தபின் சுத்தமான பருத்தித் துணியைத் தின்னரில் நனைத்து ஒரே திசையில் துடையுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் துணியின் புதுப் பக்கம் வர வேண்டும். காயவிட்டு மூன்று தடவை இப்படி. அதற்குப் பிறகுதான் 180, பிறகு 240 தாள். தூளைத் துடைத்து, மெழுகு நீக்கிய அரக்குப் பொலிஷ் ஒரு மெல்லிய கோட் பூசிக் காயவிட்டால் மீதிப் பசை அடியிலேயே அடைபடும். வார்னிஷ் அதற்கு மேலேதான். தின்னர்த் துணிகளைக் குவித்து வைக்காமல் வெளியே விரித்துக் காயப் போடுங்கள். மண்ணெண்ணெய் துடைத்தால் சிலந்தி வராது என்று பலர் சொல்வார்கள். தச்சுக் கொட்டிலில் அதைச் செய்தால் இதே குழிப் பிரச்சினை வரும், நெருப்புப் பயம் வேறு.

அந்த மாதத்திலேயே கழுத்தில் ஒரு காயம். இரவில் ஏதோ ஊர்ந்ததைக் கையால் தேய்த்துவிட்ட ஞாபகம். மறுநாள் ஒன்றுமில்லை. அதற்கடுத்த நாள் கழுத்தில் கோடு இழுத்தது போலச் சிவந்து, தீ சுட்ட மாதிரி எரிந்து, நீர்க் கொப்புளம் வைத்தது. பார்த்த எல்லாரும் சிலந்தி மூத்திரம் பட்டிருக்கிறது என்றார்கள். டொக்டர் காயத்தைப் பார்த்துவிட்டு, கொட்டிலில் எந்த லைட் எரிகிறது என்று கேட்டார். மருந்தோடு 2,500 ரூபா செலவான அந்தச் சந்திப்புத்தான் இந்த முழுக் கணக்கிலும் உருப்படியாகப் போன காசு. சிலந்தி இப்படிக் கோடு போட்டுச் சுடாது. இது வயலில் வாழும் ஒரு சின்ன வண்டின் வேலை. அரை அங்குலம்கூட இல்லாத ஒல்லி உடம்பு, பார்த்தால் எறும்பு போல, செம்மஞ்சளும் கறுப்பும் மாறி மாறி. கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. நசுக்கினால் உடம்புக்குள் இருக்கும் நஞ்சு தோலில் பட்டு, ஒரு நாள் இரண்டு நாள் கழித்துக் கொப்புளம் வைக்கும். தேய்த்த திசையில் கோடாக வருவது அதனால்தான். முழங்கை மடிப்பில் பட்டால் கை மடங்கும்போது எதிர்ப்பக்கத்திலும் அச்சு விழும். மழைக்குப் பிறகும் நெல் வெட்டு நடக்கும் மாதங்களிலும் வயலிலிருந்து வெளிச்சத்துக்குப் பறந்து வரும். வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் அம்பாறை வயலோர ஊர்களிலும் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் அறிந்து வைத்திருக்க வேண்டும். மேலில் ஊர்ந்தால் அடிக்காதீர்கள், ஊதிவிடுங்கள் அல்லது கடதாசித் துண்டில் ஏற்றி எறியுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையைக் கண்ணில் வைக்காதீர்கள். நம் தமிழில் கட்டிக்கும் புண்ணுக்குமே சிலந்தி என்று ஒரு பெயர் உண்டு. அதனால்தானோ என்னவோ, தோலில் எது வந்தாலும் பழி சிலந்திக்குப் போகிறது.

லைட்டைப் பற்றி டொக்டர் கேட்ட கேள்வி மண்டைக்குள் நின்றது. அதே வாரம் களுவாஞ்சிக்குடிப் பக்கத்து மூத்த மேசன் ஒருவர் கொட்டிலுக்கு வந்து, கூரையையும் டியூப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மனே, சோத்தப் போட்டு வெச்சிட்டு நாயத் தொரத்துறாய். முதல்ல அந்த வெளிச்சத்த மாத்து, மறுகா சிலந்தியப் பாப்பம்.” முழு விஷயமும் இதுதான். சிலந்தி மரத்தைத் தின்னாது, தூளைத் தின்னாது. பூச்சி வரும் இடத்தில்தான் வலை கட்டும். இரவு ஒன்பது மணிவரை வெள்ளை டியூப் எரிகிற, கதவு திறந்து கிடக்கிற கொட்டில், சுற்று வட்டாரத்துப் பூச்சிக்கெல்லாம் அழைப்பு. சிலந்தியை எத்தனை தடவை அடித்தாலும் அந்தச் சாப்பாடு இருக்கும்வரை இன்னொன்று வந்து அதே மூலையில் இருக்கும்.

முதலில் மாற்றியது லைட். 6500 கெல்வின் என்று பெட்டியில் எழுதியிருக்கும் வெள்ளை வெளிச்சத்தில் நீலம் அதிகம், பூச்சிகளை இழுப்பது அதுதான். 2700 அல்லது 3000 கெல்வின் என்று எழுதிய மஞ்சள் எல்ஈடி பல்ப் இரண்டு, ஒன்று 700 ரூபா. ஒன்றை மேசைக்கு நேரே மேலே தாழ்த்தித் தொங்கவிட்டு மேல் பக்கத்துக்குத் தகர மூடி, மற்றது வாள் மெசினுக்கு மேலே. கழற்றிய வெள்ளை டியூப்பை வீசவில்லை. கொட்டிலிலிருந்து 20 அடி தள்ளி, மதிலோரம், மழை படாத இடத்தில் போட்டு, இரவு வேலை நடக்கும்போது மட்டும் எரியவிட்டால் பூச்சிகள் அங்கே போகும். ஒரு குறை உண்டு, மஞ்சள் வெளிச்சத்தில் மரத்தின் நிறம் பிழையாகத் தெரியும். ஸ்டெயின் கலப்பதையும் நிறம் ஒப்பிடுவதையும் பகலில் வாசலில் வைத்துச் செய்யுங்கள். வேலை இல்லாத நாளில் பொழுது படுவதற்கு முன், ஐந்தரைக்கே கதவு யன்னல் மூடிவிடுவது லைட்டுக்கு அடுத்த பெரிய மாற்றம். மற்ற இரை கொட்டிலுக்கு வெளியே மழைத்தண்ணீர் நின்ற பழைய பெயின்ற் டின்களில் பிறந்துகொண்டிருந்தது. ஐந்து டின்னில் மூன்றில் நுளம்புப் புழு. டெங்கு உள்ள ஊரில் இதை வைத்திருந்ததை நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஓட்டை போட்டுக் கவிழ்த்ததோடு அது முடிந்தது.

பிறகு ஒரு முழு நாள் சுத்தம். காலை பத்து மணிக்குத் தொடங்குவது நல்லது, வெளிச்சம் இருக்கும், தட்டைச் சிலந்தி அசையாமல் ஒளிந்திருக்கும். மெயின் சுவிட்சை அணைத்து மெசின்களைப் படங்கால் மூடுங்கள். மூக்குக்கு மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி, நீளக்கைச் சேட்டு, சப்பாத்து. அஸ்பெஸ்டஸ் சீற் உள்ள கூரையில் காய்ந்த விளக்குமாற்றாலோ கம்பித் தூரிகையாலோ உரசவே கூடாது, அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. தும்புத்தடியின் தலையில் பழைய துவாயைச் சுற்றிக் கட்டி, சவர்க்காரத் தூள் இரண்டு மேசைக்கரண்டி கரைத்த ஒரு வாளி தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, வலையை மெதுவாகச் சுருட்டி எடுங்கள். அடிப்பது வேண்டாம், பஞ்சு மிட்டாய் சுற்றுவது போலச் சுற்ற வேண்டும். வலை துவாயிலேயே ஒட்டும், சிலந்தியும் முட்டையும் அதோடு வரும். வாளியில் அலசினால் சவர்க்காரத் தண்ணீரில் முட்டை தப்பாது. முகட்டில் தொடங்கிக் கைமரம், வளை, சுவர், தரை என்று கீழே இறங்குங்கள். தப்பிய முட்டைகள் சில வாரங்களில் பொரிக்கும் என்பதால் முதல் ஆறு வாரம் வாரம் ஒரு தடவை, பிறகு மாதம் இரண்டு தடவை. இந்த ஆறு வாரத்தை இடையில் விட்டவர்கள்தான் மருந்து வேலை செய்யவில்லை, சுத்தம் வேலை செய்யவில்லை என்று சொல்வார்கள்.

ஓட்டை அடைப்பதில் அளவு முக்கியம். ஒரு பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுங்கள், பென்சில் போகும் இடமெல்லாம் தட்டைச் சிலந்தியும் கரப்பானும் போகும். கதவின் அடியில் முக்கால் அங்குல இடைவெளி இருந்தது. பழைய சைக்கிள் டியூப்பை நீளவாட்டில் கீறி விரித்து, கதவின் உட்பக்க அடியில் ஒரு அங்குலச் சலாகைக்குக் கீழே வைத்து ஆணி அடித்தால் ரப்பர் தரையைத் தொட்டு நிற்கும். ஆணிக்கு ஆணி நாலு அங்குலம், அதைவிடத் தள்ளினால் ரப்பர் சுருளும். கூரைச் சீற்றின் வளைவுக்கும் சுவர் வளைக்கும் நடுவில் உள்ள அரைவட்ட ஓட்டைகளுக்கு முதலில் ஸ்பொஞ்ச் அடைத்ததில் ஒரே மாதத்தில் எறும்பு கூடு வைத்தது. பிறகு நுளம்பு வலைக் கம்பியை, கீலம் கீலமாக வெட்டி மடித்து, வளையோடு சேர்த்து ஸ்டேப்பிள் அடித்ததுதான் நின்றது. ஆறு மீற்றர், மீற்றர் 450 ரூபா, 2,700. சலாகையும் ஆணியும் ஸ்டேப்பிளும் 900. காற்றோட்டத்தை அடியோடு அடைத்துவிடாதீர்கள். கல்லடி, ஆரையம்பதி உப்புக்காற்றில் அடைத்த கொட்டில் புழுங்கி உளியும் சீவுளியும் துருப்பிடிக்கும். கம்பி வலை போட்டால் போதும், ஆனால் மரத்தூள் வலைக் கண்ணை அடைக்கும், மாதம் ஒரு தடவை வெளிப்பக்கமிருந்து தூரிகையால் தட்ட வேண்டும்.

பலகை அடுக்குவதில் காட்டிய கவனயீனம்தான் தட்டைச் சிலந்திக்கு வீடு கட்டிக் கொடுத்தது. சுவரோடு ஒட்டிச் சாத்திய பலகை, அதன் அடியில் தூள், அதற்குள் கரப்பான். இப்போது பலகை தரையிலிருந்து ஒன்பது அங்குலம் மேலே, சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளி, ஒவ்வொரு வரிசைக்கும் நடுவில் முக்கால் அங்குலச் சலாகை வைத்து அடுக்கியிருக்கிறது. மரமும் நன்றாகக் காயும், கறையான் ஏறினாலும் கண்ணில் படும். காட்போட் பெட்டிகளை எடுத்துவிட்டு மூடி உள்ள பிளாஸ்டிக் பெட்டி நாலு, ஒன்று 950, மொத்தம் 3,800. திருகாணிக்குப் பழைய பிஸ்கட் டின் போதும். கையுறையும் சப்பாத்தும் வாய் கட்டிய பையில், எடுத்ததும் தலைகீழாக இரண்டு தட்டு. கண் தெரியாத இடத்துக்குள் வெறுங்கை விடாதீர்கள். சிலந்திக்காக மட்டும் சொல்லவில்லை, தேளும் பூரானும் அதே இடத்தைத்தான் தேடும்.

மெசின்கள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மோட்டாரின் காற்றுத் துவாரத்தில் வலை கட்டினால் அதில் மரத்தூள் ஒட்டி, தடித்த பஞ்சாகி, சூடு வெளியேறாது. வயரைக் கழற்றிவிட்டு, வெளியே கொண்டுபோய், காற்றடித்துத் துப்புரவு செய்யுங்கள். கிரைண்டரில் இரும்பு வெட்டுவதென்றால் அந்த இடத்தைச் சுற்றிப் பத்தடிக்குள் கூரையிலும் மூலையிலும் ஒட்டறை இருக்கக் கூடாது. தூள் ஏறிய ஒட்டறை திரி மாதிரி, பொறி விழுந்தால் நெருப்பு அதில் ஊர்ந்து கூரைவரை போகும். கேஸ் டோர்ச் வைத்திருப்பவர்கள் மாதக்கணக்கில் பாவிக்காமல் எடுத்தால், பற்ற வைக்கும் முன் காற்று இழுக்கும் ஓட்டையைப் பாருங்கள். உள்ளே வலை இருந்தால் சுவாலை நீலமாக வராமல் மஞ்சளாக வரும், சில நேரம் பின்னுக்கும் எரியும். குளவியும் இதில் கூட்டாளி. ட்ரில் போட்ட ஓட்டை, ஹோஸ் வாய், பிளக் துவாரம் எல்லாவற்றிலும் மண் அப்பி வைக்கும். குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்று பெரியவர்கள் உடைக்க விடமாட்டார்கள். ஆனால் பிளக் துவாரத்தில் இருப்பதைக் கரண்ட்டை அணைத்துவிட்டு எடுத்தே ஆக வேண்டும். அப்படி எடுத்த மண் கூடு ஒன்றைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே பச்சையும் பழுப்புமாகச் சின்னச் சின்னச் சிலந்திகள் நெருக்கி அடுக்கியிருந்தன. சாகவில்லை, கால் மட்டும் மெல்ல அசைந்தது. குளவி கொட்டி மயக்கி, தன் புழுவுக்குச் சாப்பாடாக அடைத்து வைத்தவை. கொட்டிலில் மண் கூடு கூடினால் சிலந்தியும் கூடியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் கொல்ல வேண்டியதில்லை. துள்ளும் சின்னதை அப்படியே விடுங்கள். தட்டைச் சிலந்தியை அகன்ற வாய்ப் போத்தலால் மூடி, அடியில் தடித்த மட்டையை மெதுவாகச் செருகி எடுத்து, மதிலுக்கு வெளியே விட்டால் போதும். பக்கவாட்டில் பாயும் என்பதால் போத்தல் அதன் கால் விரிவைவிட அகலமாக இருக்க வேண்டும். முட்டைத் தட்டோடு இருப்பதையும் இப்படியே எடுக்கலாம், அடித்தால் தட்டு கிழிந்து குஞ்சுகள் சிதறக்கூடும். உள்ளங்கை அளவில் தடித்த, மயிர் அடர்ந்த, காலில் கோலம் போட்டது போல் வரிகள் உள்ள ஒன்றைக் கண்டால் கையே வைக்காதீர்கள். அது புலிச் சிலந்தி, பொந்து உள்ள பழைய மரங்களில் வாழ்வது, மரக்குற்றியோடு கொட்டிலுக்கு வந்துவிடலாம். மரங்கள் அழியும்போது பழைய கட்டடங்களுக்குள்ளும் வரும். வடக்கில் மாங்குளத்தில் கண்டெடுத்து 2012இல் புது இனமாகப் பெயரிட்டது அப்படியான ஒன்று. இந்தப் புலிச் சிலந்திப் பேரினத்தின் வணிகத்துக்கு 2019இலிருந்து சர்வதேசக் கட்டுப்பாடு இருக்கிறது. கடித்தால் கடும் வலியும் நாட்கணக்கில் தசைப்பிடிப்பும் வரும். வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள், அதுவரை அந்தக் குற்றியைத் தொடாமல் கதவைச் சாத்தி வையுங்கள். இன்னொன்று, தரைக்கு அருகே இருட்டு மூலையில், ஒட்டறைபோல் இல்லாமல் இழுத்தால் விண்ணென்று நிற்கும் முரட்டு வலை, அதில் உருண்டை வயிற்றோடு சிவப்புக் குறி உள்ள கறுப்புச் சிலந்தி. இலங்கையில் இந்த வகையும் உண்டு. அதைக் கையுறை இல்லாமல் நெருங்காதீர்கள்.

எது கடித்தாலும் சவர்க்காரத்தால் கழுவி, துணியில் சுற்றிய ஐஸைப் பத்து நிமிடம் வைப்பதும் எடுப்பதுமாக மாறி மாறிச் செய்யுங்கள், கையிலோ காலிலோ கடித்திருந்தால் உயர்த்தி வையுங்கள். கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். தசை இழுப்பு, வியர்த்துக் கொட்டுதல், வயிறு கல்லாக இறுகுதல், மூச்சு முட்டுதல் இருந்தால் நேரே ஆஸ்பத்திரி. சிவப்பு நாளுக்கு நாள் பரவி, சூடாகி, சீழ் வைத்தால் அது கிருமி ஏறியது, அதற்கும் டொக்டர்தான். முடிந்தால் கடித்ததைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிடிக்கப் போய் இரண்டாவது கடி வாங்காதீர்கள்.

இந்த ஒழுங்குக்கு வந்தது தை நடுப்பகுதியில், பெரும்போக வெட்டு தொடங்கி வயற்பூச்சி வெளிச்சத்துக்கு வரும் நேரத்தில். மாசி முடிவில் வாரச் சுத்தத்துக்குப் போன நேரம் 15 நிமிடம், துவாயில் வந்த சிலந்தி ஏழெட்டு. வார்னிஷ் நாளுக்கு மட்டும் தனி ஒழுங்கு வைத்திருக்கிறேன். முந்தின நாள் மாலை நாலு மணிக்கு ஈரத் துவாயால் கூரையைச் சுருட்டி, தரையில் தண்ணீர் தெளித்து, கதவை மூடி லைட்டே போடாமல் விடுவது. காலையில் பூசிய பிறகு நாலு கம்பு நட்டு மேலே சுத்தமான படங்கு இழுத்துக் கட்டுவது, பலகைக்கும் படங்குக்கும் நடுவில் ஒன்றரை அடி. கூரையிலிருந்து விழும் நூலும் தூளும் படங்கில் நின்றுவிடும், ஓரத்தால் காற்று போய்வரும், வார்னிஷ் காயும்.